கழனியும் ஆற்று மணலும் ஒரே கணக்கில்: வெப்பப் பாயக் கருவிகள் தப்பாகக் காட்டினால் எங்கே பார்ப்பது

மே மாதம் மதியம் ஒரு மணிக்குப் பாலாற்று மணலில் வெறுங்காலோடு பத்தடி நடந்துவிட்டு, கரையேறி, தண்ணீர் கட்டியிருக்கும் கழனி வரப்பில் கால் வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையில் பாதி புரிந்துவிடும். இரண்டு இடத்திலும் விழுவது ஒரே வெயில். மணல் அதைப் பெரும்பாலும் காற்றைச் சூடாக்கவே கொடுத்துவிடுகிறது. கழனி அதையே தண்ணீரை ஆவியாக்கச் செலவழிக்கிறது. வேலூர்ப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்குள் ஆற்று மணல், நெல் கழனி, மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட கொல்லை, ஏரி, பாறைக் குன்று, ஓட்டு வீடுகள் எல்லாம் வந்துவிடும். இப்படித் துண்டு துண்டான நிலத்திலிருந்து காற்றுக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை.

நான் பார்த்துக்கொள்ளும் கம்பம் காட்பாடிக்கும் திருவலத்துக்கும் நடுவில், நெல் கழனிக்குள் நிற்கிறது. மூன்று மீட்டர் உயரம். தெற்கே ஆறு, மேற்கே மேட்டில் மல்லாட்டை, கிழக்கே ஏரி, வடக்கே குன்று. கம்பத்தில் நொடிக்கு இருபது முறை காற்றையும் வெப்பநிலையையும் அளக்கும் சோனிக், பக்கத்தில் நீராவி அளக்கும் திறந்தவெளிக் கருவி, மேலும் கீழும் பார்க்கும் கதிர்வீச்சுமானி, மண்ணுக்குள் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பத் தட்டுகள். கணக்கு வீட்டு வரவு செலவு மாதிரிதான். நிகரக் கதிர்வீச்சு, அதாவது நிலத்துக்கு வந்த கதிர்வீச்சில் திரும்பிப் போனது போக நிற்பது, வரவு. அதில் மண்ணுக்குள் போனது போக மீதி, காற்றைச் சூடாக்கும் உணர்வெப்பமாகவும் ஆவியோடு போகும் உள்ளுறை வெப்பமாகவும் பிரிய வேண்டும். மேலும் கீழும் போகும் காற்றுச் சுழிப்புகள் எவ்வளவு சூட்டையும் நீராவியையும் சுமந்து போகின்றன என்று கூட்டித்தான் இந்த இரண்டு செலவையும் அளக்கிறோம். கீழே வாட் என்று எழுதுவதெல்லாம் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கு.

கருவியைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கருவி இப்போது எந்த நிலத்தைப் பார்க்கிறது? எனக்கு வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்தன.

நண்பகல் உச்சம் காலை ஆறே முக்காலுக்கு வருகிறது

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். அளவுகளைப் பதிந்துவைக்கும் லாகர்களில் ஒன்று இந்திய நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரத்திலும் ஓடுகிறது. ஐந்தரை மணி நேர வித்தியாசம். இது கண்ணில் பட்டுவிடும். படாதது அரை மணி நேரப் பிசகு. ஒரு லாகர் அரை மணி நேரத்தின் தொடக்கத்தை நேரமாகப் போடும், மற்றது முடிவைப் போடும். வேலூரில் மே மாதம் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12:10-க்கு. மேகமில்லாத ஒரு நாளின் வெயில் வரைபடத்தை எடுத்து, அதன் நடுப்புள்ளி அங்கே விழுகிறதா என்று பாருங்கள். பிப்ரவரியில் அது 12:27 வரை தள்ளும், நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வரும். அதையும் மனதில் வையுங்கள்.

காலையில் நிலம் ஒரு மாதிரி எதிரொளிக்கிறது, மாலையில் வேறு மாதிரி

ஒரே நிலத்தின் எதிரொளிப்பு காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பெரிதாக வேறுபடக் கூடாது. வேறுபட்டால் முதலில் கதிர்வீச்சுமானியின் மட்டத்தைப் பாருங்கள். சூரியன் முப்பது டிகிரி உயரத்தில் இருக்கும்போது கருவி அதன் பக்கம் வெறும் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால்கூட நேர் வெயில் 6 சதவீதம் கூடுதலாகத் தெரியும். உச்சி வெயிலில் அந்தப் பிழை கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. அதனால்தான் மதியம் மட்டும் சரிபார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

மட்டக் குமிழியை மட்டும் நம்ப வேண்டாம். நம் ஊரில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டி நிழலில்லா நாள் வரும். அன்று உச்சி வேளையில் நேராக நிற்கும் எந்தக் கம்பிக்கும் நிழல் இருக்காது. கருவியின் தாங்கு தகட்டில் ஒரு மெல்லிய ஆணியைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். நிழல் ஒரு பக்கம் நீண்டால், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அதுவே காட்டிவிடும். வருடத்துக்கு இரண்டு முறை கிடைக்கும் இலவசச் சோதனை இது, விடாதீர்கள்.

மட்டம் சரி என்றால் கண்ணாடிக் கூட்டைப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பனித்துளி படிந்திருக்கும். காலை எட்டரை வரைக்கும் எண்கள் பேத்தும். கல் குவாரிப் பக்கம் லாரி ஓடும் நாட்களில் தூசி படியும். மைனா வந்து உட்கார்ந்து எச்சம் போட்டுவிட்டுப் போகும். வடிகட்டிய நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணி போதும், வேட்டித் துணியின் பழந்துண்டு நன்றாக உழைக்கிறது. துடைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். இரவில் வெயில் எண் பூஜ்யத்துக்குக் கீழே ஓரிரு வாட் போவது கருவியின் இயல்பு, அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

மதியம் மூன்று மணி, கொளுத்தும் வெயில், உணர்வெப்பம் மைனஸில்

புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும் பதறிப்போவார்கள். பகலில் நிலம் காற்றைச் சூடாக்க வேண்டும், இங்கே காற்று நிலத்தைச் சூடாக்குவதாகக் காட்டுகிறதே என்று நினைத்து அந்த எண்களைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து போடாதீர்கள். சொர்ணவாரிப் பட்டத்தில் நெல் நன்றாகப் பச்சை கட்டி நிற்கும்போது நம் ஊரின் மிக அழகான செய்தி அந்த மைனஸில்தான் இருக்கிறது.

ஆற்று மணலிலும் காய்ந்த கொல்லையிலும் சூடேறிய காற்று கழனி மேல் வந்து படர்கிறது. இலைகள் ஆவியாக்கத்தால் குளிர்ந்து நிற்கின்றன. காற்று இலையைவிடச் சூடு. ஆக வெப்பம் மேலிருந்து கீழே இறங்குகிறது. நெல் அந்த வெப்பத்தையும் வாங்கிக் கூடுதலாகத் தண்ணீரை ஆவியாக்குகிறது. அதாவது சூரியன் கொடுத்த வரவுக்கு மேல் பக்கத்து மணல் கொடுத்த வரவும் கழனியில் செலவாகிறது. பாலைவனச் சோலையில் நடப்பது இதேதான்.

இது உண்மையா பழுதா என்று பிரிக்க மூன்று சோதனை. முதலில், காற்று வறண்ட பக்கத்திலிருந்து வருகிறதா? இரண்டாவது, அகச்சிவப்பு வெப்பமானியை இலைப்பரப்பைப் பார்த்துக் காட்டுங்கள், இலை காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறதா? மூன்றாவது, அதே நேரத்தில் உள்ளுறை வெப்பம் ஏறியிருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எண்கள் உண்மையே. உணர்வெப்பம் மைனஸில் போயும் ஆவியாதல் ஏறவே இல்லை என்றால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். சோனிக் அளப்பது ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்கிட்ட வெப்பநிலை; அதில் ஈரப்பதத்தின் பங்கும் கலந்திருக்கும். அதைக் கழிக்காமல் விட்டால், 400 வாட் ஆவியாகிக்கொண்டிருக்கும் கழனியில் உணர்வெப்பம் ஏறத்தாழ 25 வாட் கூடுதலாகத் தெரியும். உண்மையில் மைனஸ் 15 இருக்கும் இடத்தில் பிளஸ் 10 காட்டும். காய்ந்த நிலத்தில் இந்தத் திருத்தத்தை மறந்தாலும் பெரிய நஷ்டமில்லை. கழனியில் மறந்தால் திசையே மாறிவிடும்.

சோனிக் இல்லாமல் இரண்டு உயரங்களில் வெப்பநிலையும் ஈரப்பதமும் அளந்து, 1926-இல் போவன் சொன்ன விகிதத்தை (உணர்வெப்பத்தை உள்ளுறை வெப்பத்தால் வகுத்தது) வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதே நேரத்தில் ஆயிரக்கணக்கான வாட் என்று அபத்தமான எண்கள் வரும். அந்த முறையில் ஒன்றோடு விகிதத்தைக் கூட்டி, அதனால் வகுக்கிறோம். விகிதம் மைனஸ் ஒன்றை நெருங்கினால் வகுக்கும் எண் பூஜ்யத்தைத் தொடும், விடை வானத்துக்குப் போகும். கருவியைத் தொட வேண்டாம், மைனஸ் ஒன்றை ஒட்டிய நேரங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

காற்றுத் திசை மாறியதும் எண்கள் குதிக்கின்றன

கதிர்வீச்சுமானி மூன்று மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்க்கிறது. அது காண்பதில் 90 சதவீதம், ஒன்பது மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள்தான். சோனிக் அப்படி இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து நிலத்தின் செய்தியை அது வாங்குகிறது. நாங்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, கம்ப உயரத்தைப் போல நூறு மடங்கு தூரம். மூன்று மீட்டர் கம்பத்துக்கு முந்நூறு மீட்டர். பகலில் காற்று கொதித்துக்கொண்டிருக்கும்போது அது சுருங்கும், இரவில் காற்று அடங்கினால் வெகுதூரம் நீளும். ஆக, கதிர்வீச்சுமானி எப்போதும் கழனியையே பார்த்துக்கொண்டிருக்க, சோனிக் மட்டும் ஒரு மணிக்கு மல்லாட்டையையும் இரண்டு மணிக்கு மணலையும் பார்த்துவிட்டு வரும்.

செய்ய வேண்டியது: ஒரு மாதத் தரவைக் காற்றுத் திசைவாரியாகப் பிரித்து வரையுங்கள். குதிப்பு ஒரே திசையில் மட்டும் இருந்தால் அது நிலம். எல்லாத் திசையிலும் இருந்தால் கருவி. கம்பத்துக்குப் பின்னாலிருந்து காற்று வரும் குறுகிய திசையில் மட்டும் இருந்தால், கம்பமே காற்றை மறைக்கிறது என்று அர்த்தம். அந்த நேரங்களைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

ஒரு ஜூலை மாதம் மேற்குக் காற்றில் உணர்வெப்பம் திடீரென்று பாதியாக இறங்கியது. முந்தைய நாள் வரை சரியாக இருந்தது. மூன்று நாள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாலாவது நாள் வரப்பில் நின்றிருந்த கழனிக்காரரிடம் கேட்டேன்.

"ஐயா, இந்த நாலு நாளுல இங்க ஏதாவது மாத்தினீங்களா?"

"கம்பத்துக்கிட்ட நான் போகவே இல்ல தம்பி. ராத்திரி மூணு மணிக்குத்தான் கரண்ட் வருது, மேற்கால கொல்லைக்குத் தண்ணி கட்டுனேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான். மேற்கே மல்லாட்டைக் கொல்லை நனைந்திருந்தது, மேற்குக் காற்றின் உணர்வெப்பம் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து லாகர் பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. யார் எந்த நிலத்துக்கு எப்போது தண்ணீர் கட்டினார்கள், சேடை ஓட்டினார்கள் (சேற்றுழவு), அறுத்தார்கள், ஏரியில் தண்ணீர் எங்கே நிற்கிறது எல்லாம் அதில் ஏறும். எங்கள் நிலையத்தில் விலை குறைந்த கருவி அந்த நோட்டுதான். அதற்கு ஈடாக வேறு எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மணல் பக்கமிருந்து காற்று வந்தால் ஆவியாதல் மைனஸ்

வறண்ட மணலில் நண்பகலில் பனி இறங்க முடியாது, ஆகவே இது பிழைதான். திறந்தவெளிக் கருவி ஒரு கன மீட்டரில் எவ்வளவு நீராவி என்றுதான் எண்ணுகிறது. சூடான காற்று விரிந்திருப்பதால், மேலே போகும் ஒவ்வொரு சூட்டுக் குமிழியிலும் நீராவி குறைவாகத் தெரியும். வெப், பியர்மன், லூனிங் மூவரும் 1980-இல் எழுதிய அடர்த்தித் திருத்தம் இதற்குத்தான். உணர்வெப்பம் 300 வாட் இருக்கும் மணலில் இதைப் போடாவிட்டால் ஆவியாதல் 30 வாட் அளவுக்குக் குறைவாகத் தெரியும், பூஜ்யம் மைனஸ் 30 ஆகிவிடும். மென்பொருளில் அந்தத் திருத்தம் போடப்பட்டிருக்கிறதா, இரண்டு முறை போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முறை போட்ட கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

திருத்தம் சரி என்றால் கருவியின் சன்னல்களைத் துடையுங்கள். நாள் கணக்கு ஒன்று கைவசம் இருக்கட்டும்: 24 மணி நேரச் சராசரி 28 வாட் என்றால் ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் போயிருக்கிறது. கழனியில் சராசரி 170 வாட் வந்தால் ஆறு மில்லிமீட்டர். வரப்போரத்தில் ஒரு அளவுகோலை நட்டு, ஊறி இறங்குவதையும் கணக்கில் வைத்துப் பார்த்தால் இது நம்பத்தக்கதா என்று தெரிந்துவிடும்.

மண் வெப்பம் ரொம்பக் குறைவாக, தாமதமாக வருகிறது

தட்டு எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள மண் முதலில் தான் சூடாகி, அப்புறம்தான் கீழே விடும். தட்டு காட்டுவதை மட்டும் எழுதினால் நடுவில் தங்கிய வெப்பம் கணக்கில் வராது. உலர்ந்த மணற்பாங்கான மண்ணில் அந்த எட்டு சென்டிமீட்டர் அரை மணி நேரத்தில் இரண்டு டிகிரி ஏறினால் 115 வாட்டுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டது. காலை எட்டிலிருந்து பத்துக்குள் இது நன்றாகவே நடக்கும். மேல் மண்ணில் இரண்டு, ஆறு சென்டிமீட்டர் ஆழங்களில் வெப்பநிலை உணரிகளும் ஓர் ஈரப்பத உணரியும் வைத்தால் இந்தத் தங்கல் வெப்பத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

கழனியில் இது இன்னும் பெரிய விஷயம். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு டிகிரி சூடேறினால் 230 வாட் தண்ணீருக்குள் போயிருக்கிறது. நடவு முடிந்த புதிதில், பயிர் நிழல் கட்டாத நாட்களில், கணக்கில் காணாமல்போகும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்தத் தண்ணீரில்தான் இருக்கும். தண்ணீருக்குள் ஒரு வெப்பநிலை உணரி, ஆழம் பார்க்க ஓர் அளவுகோல், இரண்டும் போதும்.

பிளஸ், மைனஸ் குறி மட்டும் தலைகீழாக வந்தால் தட்டைத் தலைகீழாகப் புதைத்திருக்கிறோம், அல்லது இரண்டு கம்பிகள் மாறியிருக்கின்றன. எண் நிரந்தரமாகப் பூஜ்யத்தில் நின்றால் கேபிளை விரல் விட்டுத் தடவிக்கொண்டே போங்கள், பெருச்சாளி கடித்த இடம் கிடைக்கும். இரும்புக் குழாய்க்குள் விட்டுப் புதைத்தால் அது மறுபடி நடக்காது.

செங்குத்துக் காற்றின் சராசரி பூஜ்யமாக இல்லை

சோனிக் சாய்ந்திருக்கலாம், நிலமே சாய்ந்திருக்கலாம். சமதளக் கழனி என்றால் அரை மணிக்கு ஒரு முறை, அந்தச் சராசரி பூஜ்யமாகும்படி கணக்கிலேயே அச்சைத் திருப்பிக்கொள்ளும் வழி போதும். குன்றின் அடிவாரத்தில் இருந்தால் பல வாரத் தரவை வைத்து, காற்று ஓடும் சாய்தளத்தைத் திசைவாரியாகக் கணக்கிட்டுப் பொருத்துங்கள், ஏனென்றால் வடக்கிலிருந்து இறங்கும் காற்றின் சாய்வும் தெற்கிலிருந்து வரும் காற்றின் சாய்வும் ஒன்றல்ல. யாராவது கம்பத்தைத் தொட்டுவிட்டால் அந்தத் தேதியோடு பழைய தளம் காலாவதி.

சோனிக்கில் முள் முள்ளாகக் குதிப்பு

மழைத்துளி ஒலிக்கற்றையில் நின்றால் வரும், காய்ந்ததும் போய்விடும். மழையில்லாமலும் வந்தால் விடியற்காலையில் டார்ச்சோடு போங்கள். சோனிக்கின் மேல் விரலுக்கும் கீழ் விரலுக்கும் நடுவில் ஒற்றை இழைச் சிலந்தி வலை. பகலில் கண்ணுக்குத் தெரியாது. பனித்துளி கோத்திருக்கும் அந்த நேரத்தில் மட்டும் மணிமாலை மாதிரி மின்னும். ஈரத் தூரிகையால் எடுத்துவிடுங்கள், உலோக விரல்களைக் கையால் பிடிக்க வேண்டாம், அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் அளவு கெடும். அப்புறமும் குதிப்பு நிற்காவிட்டால் பேட்டரி மின்னழுத்தத்தைப் பாருங்கள்.

இரவில் எல்லாமே பூஜ்யம்

காற்று அடங்கிவிட்டது. காற்று எவ்வளவு கலங்குகிறது என்று காட்டும் உராய்வுத் திசைவேகம் நொடிக்கு 0.1 மீட்டருக்கும் கீழே போனால் சுழிப்பு இல்லை, இந்த முறைக்கு அங்கே வேலையும் இல்லை. குன்றிலிருந்து குளிர்காற்று தரையோடு தரையாக வழிந்து போகும், கருவிக்கு அது தெரியாது. குறியிட்டுத் தள்ளிவையுங்கள்.

எல்லாம் சரிபார்த்தாச்சு, கணக்கு மட்டும் பொருந்தவில்லை

வரவு 500 வாட், செலவில் 410 மட்டுமே கைக்கு வருகிறது. இங்கே முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க இருக்கும் நிலையங்களில் 22-ஐ எடுத்துப் பார்த்து 2002-இல் வந்த ஆய்வில் சராசரியாக 20 சதவீதம் காணாமல் போயிருந்தது. இந்த ஒரு புதிருக்காகவே 2000-இல் கலிபோர்னியாவில் நீர்ப்பாய்ச்சிய பருத்தி வயலில் பல குழுக்கள் கூடி அளந்தன. அவ்வளவு கவனத்துக்குப் பிறகும் கணக்கு முழுதாக மூடவில்லை.

என் அனுபவத்தில் இடைவெளி 40 சதவீதம் என்றால் தப்பு நம்முடையது: தங்கல் வெப்பம், மட்டம், நேரம், திருத்தம், இந்த வரிசையில் மறுபடி பாருங்கள். 10, 20 என்றால் பெரும்பாலும் நிலத்தின் இயல்பு. சூடான மணலும் குளிர்ந்த கழனியும் ஒட்டியிருக்கும் இடத்தில், மணல் மேல் காற்று எழும்பி கழனி மேல் இறங்கும் பெரிய, மெதுவான சுழற்சிகள் உண்டாகின்றன. அவை ஒரே இடத்தில் நிற்பதால் ஒற்றைக் கம்பத்தின் அரை மணிச் சராசரியில் சிக்குவதில்லை. சராசரி நேரத்தை ஒரு மணி, இரண்டு மணி என்று நீட்டிப் பாருங்கள். உணர்வெப்பம் சீராக ஏறினால் மெதுவான சுழிப்புகளைத் தவறவிட்டிருக்கிறோம்.

விடுபட்டதைப் போவன் விகிதப்படி இரண்டு செலவிலும் பிரித்துப்போட்டுக் கணக்கை மூடுவது எல்லோரும் செய்வதுதான். நான் செய்யச் சொல்ல மாட்டேன். கழனியில் விகிதம் பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால் முழுப் பாக்கியும் ஆவியாதலில் ஏறி உட்கார்ந்துவிடும், அப்புறம் அதை நம்பி யாரோ ஒருவர் கழனிக்குத் தண்ணீர்க் கணக்குப் போடுவார். இடைவெளியை இடைவெளியாகவே எழுதுங்கள்.

சிண்டில்லோமீட்டர் கம்பத்தோடு ஒத்துப்போகவில்லை

தார்ச் சாலை மேல் கானல் அலைகிறதே, அந்த அலைவைத்தான் இந்தக் கருவி அளக்கிறது. ஆற்றின் ஒரு கரையில் ஒளி அனுப்பி, மறுகரையில் வாங்கினால், ஒன்றிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மணலும் கழனியும் சேர்ந்த உணர்வெப்பம் கிடைக்கும். ஒற்றைக் கம்பத்தோடு அது ஒத்துப்போகாமல் இருப்பதே இயல்பு. பாதையின் நடுப்பகுதிக்குத்தான் எடை அதிகம், ஓரங்களுக்குக் குறைவு. நடுவில் ஆற்று மணல் இருந்தால் மணலின் குரலே ஓங்கிக் கேட்கும். பாதையை நிலவகைப்படி துண்டாக்கி, அந்த எடையைப் போட்டு ஒப்பிட்டால் பெரும்பாலும் நெருங்கிவிடும்.

மதியத்தில் எண் ஏறாமல் தட்டையாக நின்றால் கானல் மிஞ்சிப்போய், அதற்கு மேல் அளக்க முடியாமல் கருவி நிறைந்துவிட்டது; கற்றையை உயர்த்துங்கள், இல்லையென்றால் தூரத்தைக் குறையுங்கள். கற்றைக்குக் கீழே செங்கல் சூளை எரிகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். காலையும் மாலையும் வெப்பம் திசை மாறும்போது வரைபடத்தில் வரவேண்டிய பள்ளம் ஆழமாக இறங்காவிட்டால் தாங்கு கம்பம் அதிர்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் பொருத்தியிருந்தால் அதைச் சுவருக்கு மாற்றுங்கள்.

இரவிலும் வெப்பம் மேலே போவதாகக் காட்டினால் அது பழுது இல்லை. கானல் எவ்வளவு அலைகிறது என்பதுதான் இந்தக் கருவிக்குத் தெரியும், எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது. விடிந்த பின் வரும் பள்ளத்தையும் பொழுது சாய்வதற்கு முன் வரும் பள்ளத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே பிளஸ், வெளியே மைனஸ் போடுங்கள். கழனிப் பக்கம் மூன்று மணிக்கே மைனஸுக்குப் போய்விடும் நாட்களில் மாலைப் பள்ளமும் முன்கூட்டியே வரலாம், அதனால் சூரியன் மறையும் நேரத்தை வைத்து இதைச் செய்யாமல் ஒவ்வொரு நாளின் வரைபடத்தையும் கண்ணால் பார்த்தே செய்யுங்கள்.